பூமாரி கொடுத்த மாத்திரை

"எம்மா, டாக்டரு பிரஷர் மாத்திரை வோணாம்னாரே, காதுல வுழலயா?"

"இருநூறு கீதுடி! சும்மா குந்திக்கினு பாக்கச் சொல்றியா?" முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாத்திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள் பூமாரி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் புருஷன் டில்லிபாபு. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன். அவன் குரலுக்குக் கல்மண்டபத்துக் காக்காகூட எழுந்து பறக்கும். விடியற்காலை, ஏலத்தின் நடுவிலேயே வாய் கோணி விழுந்தான். வலது பக்கம் அசையவில்லை. பேச்சும் வரவில்லை.

மகள் அன்புக்கரசி டீ வாங்கப் போனதும் பூமாரி அவன் வாயில் மாத்திரையைத் திணித்தாள்.

"முழுங்குயா. மூணு வருசமா எங் கையாலதானே போட்டுக்கினே?"

அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மகளும் டாக்டரும் சேர்ந்தே வந்தார்கள்.

"ஏன் சார், பிரஷர இறக்க மாட்டேன்றீங்க?" என்று கேட்டாள் பூமாரி.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. அதைச் சுத்தி இருக்கிற இடம் பசியில அரை உசுரா கெடக்கு. இந்தப் பிரஷர்தான் சந்துபொந்து வழியா ரத்தத்தைத் தள்ளி அதுக்குச் சோறு போடுது. இப்போ சட்டுனு இறக்கினா அதுவும் செத்துடும். அப்புறம் உங்களையே அவருக்குத் தெரியாமப் போயிடலாம்."

பூமாரி காலியான முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "சார்... நா குடுத்துட்டேன்."

டாக்டர் முகம் மாறியது. டில்லிபாபுவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"இருநூத்தி நாலு. இனிமேதான் இறங்க ஆரம்பிக்கும். ஆமா, தினமும் மாத்திரை போட்டவருக்கு எப்படிம்மா இவ்ளோ ஏறிச்சு?"

"ஒரு நாள் தவறல சார். வாயில போட்டா, தலைய ஆட்டிக்கினே ஏலத்துக்குப் பூடுவாரு." பூமாரி கட்டிலோரம் சரிந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், நானே உன்னக் கொன்னுட்டேனா? என்னத் தெரியுதா? பாருய்யா!"

மூடியிருந்த விரல்கள் மெல்ல விரிந்தன. உள்ளங்கையில், எச்சிலில் ஊறிய மாத்திரை.

மூன்று வருஷத் திருட்டில் இன்றைக்குத்தான் பெண்டாட்டியிடம் அகப்பட்டவனாக, திருதிருவென்று அவளையே பார்த்து விழித்தான் டில்லிபாபு.