லூசியா திருநாள் இருட்டு

ஸ்வீடனின் டிசம்பர் காலை; வெளியே இன்னும் விடியவில்லை. காது கேளாதோர் பள்ளி மண்டபத்தில் வெள்ளை அங்கிப் பிள்ளைகள், லூசியா என்னும் ஒளித் திருநாளின் சைகைப் பாட்டுக்காக ஆசிரியை சோல்வெய்யின் கைகளையே பார்த்து நிற்கையில், புதுத் தலைமையாசிரியர் தோர்கெல் விளக்குகளை அணைக்கிறார். மெழுகுவத்தி வெளிச்சம்தான் அழகாம். அவள் கைகளை இருட்டு விழுங்குகிறது. காது கேளாத சிறுமியாக இதே மண்டபத்தில், இதே இருட்டில் ஒன்றும் விளங்காமல் நின்றவள் அவள். பக்கத்து மெழுகுவத்திச் சுடரருகே கையை நீட்டி, "நேத்தே சொன்னேனே சார்! வெளிச்சம் போனா எங்களுக்குப் பேச்சே போச்சு!" என்று சைகையில் பொரிந்து தள்ளுகிறாள். அரைகுறையாகப் புரிந்துகொண்ட அவர், ஒரு மெழுகுவத்தியோடு ஓடிவந்து அவள் கைகளுக்கு நேரே பிடிக்கிறார். "சுவிட்ச் சார், சுவிட்ச்!" என்று சுவரைக் காட்டுகிறாள். அவர் புன்னகையோடு இன்னும் உயர்த்துகிறார். உருகிய மெழுகு அவர் விரல்களில் வழிகிறது; கை அசையவில்லை. 'கடவுளே' என்று பெருமூச்சு விட்டு, அந்த விரல்கள் வெந்துபோகுமுன் முடித்துவிட வேண்டுமென்று, பாட்டைச் சற்று வேகமாகவே தொடங்குகிறாள் சோல்வெய்.