ரோபோ எழுதிய முதல் வரி

விசில் ஊதி இருபது வினாடி ஆகியும் ரோபோ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பயிற்சியாசிரியர் தங்கதுரை கடிகாரத்தைப் பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து அவருடைய பள்ளி, பந்துகளைக் கூடையில் போடும் மாநில ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வருவது இதுதான் முதல் தடவை. இந்த வருடம் மாணவர்கள் நிரல் எழுதக் கூடாது. ஆறு வாரப் பயிற்சியைக் கவனித்து ரோபோவே தன் நிரலை எழுதிக்கொள்ள வேண்டும்.

"சார், ஸ்கிரீனைப் பாருங்க," என்றாள் அணியில் இருந்த ஐரின்.

அரங்கின் பெரிய திரையில் ரோபோ எழுதிய முதல் வரி தெரிந்தது: 'ஐரின் வெளியே போக வேண்டும். அதன்பின் பந்துகளை எடு.'

தங்கதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சியில் பந்து தவறும்போதெல்லாம், பிழை யாருடையதாக இருந்தாலும், "ஐரின், வெளிய போய் நில்லு" என்றுதான் கத்தியிருக்கிறார். எதிர்த்துப் பேசாத பிள்ளை அவள் ஒருத்திதான். அவள் போனபின் கோளாறைச் சரிசெய்வார்கள். ரோபோ ஒழுங்காக ஓடும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஐரின் கதவைத் தாண்டியிருந்தாள். ரோபோ சட்டென்று கிளம்பியது. பந்துகள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன. அரங்கமே கைதட்டியது.

"ஐரின்! உள்ள வாம்மா!"

அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். ரோபோ, தூக்கிய பந்தோடு அப்படியே நின்றது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கப்பு வாங்கிட்டுக் கூப்பிடுங்க சார். நான் இங்கனயே நிக்கேன்."