கப்பலும் மலையும்

"திருவிருந்து வாங்குத கையால சீட்டு எடுக்கியா, ராஜபாய்?"

வாசலில் நின்று கேட்டார் சபை உபதேசியார் நேசையன். இராஜாக்கமங்கலத்திலிருந்து முட்டம் வரைக்கும் சனிக்கிழமை உச்சிவெயிலில் கையில் குடையோடு நடந்தே வந்திருந்தார். தலைக்கு ஏறியிருந்தது வெயிலா கோபமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

உள்ளே பாயில் ராஜபாயும் இசபெல்லும் எதிரெதிரே இருந்தார்கள். நடுவில் ஒரு சீட்டுக்கட்டு. அதிலிருந்து ராஜபாய் எடுத்த இரண்டு சீட்டு மட்டும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது.

இசபெல் கொழும்பில் ஒரு ஜெர்மன்காரத் துரைசானி வீட்டில் ஏழு வருஷம் ஆயாவாக இருந்தவள். கொழும்புக்குப் போனவர்கள் சேலையும் பீங்கானும் கொண்டுவருவார்கள். இவள் கொண்டுவந்தது இந்தக் கட்டு. காசு வைத்து ஆடுகிற சீட்டு அல்ல. நாய், பாம்பு, மோதிரம், நட்சத்திரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். இரண்டு சீட்டு எடுத்து, இரண்டையும் சேர்த்துத்தான் பலன் சொல்ல வேண்டும். காணாமல் போன ஆட்டிலிருந்து தள்ளிப்போகிற கல்யாணம் வரைக்கும் முட்டத்துக்காரர்கள் இவளிடம்தான் கேட்டார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் ராஜபாய் உபதேசியாரின் சபையில் முப்பது வருஷமாக, அப்பமும் ரசமும் தருகிற ஒரு திருவிருந்தும் தவறாதவள்.

"நாலு சனிக்கிழமையா நீ இங்க வாறியாம்னு சொன்னாவ. நான் நம்பல்ல. இப்பம் கண்ணால பாக்கேன். நாளைக்கு சபையில உன் பேரை வாசிச்சு, திருவிருந்துல இருந்து நிறுத்துகேனா இல்லியான்னு பாரு!"

ராஜபாயின் முகம் செத்துப்போயிற்று.

"அய்யா, இரியுங்க. வெயில்ல வந்திருக்கிய, கொஞ்சம் தண்ணி குடியுங்க" என்றாள் இசபெல்.

"வேண்டாம்" என்றார் உபதேசியார். தொண்டை வறண்டுதான் கிடந்தது, ஆனாலும் வைராக்கியம். "அப்படி என்னத்தக் கேட்டா இவ, சீட்டுகிட்ட?"

"கப்பல் சுகமா வந்து சேருமான்னு கேட்டா அய்யா. எங்க ரெண்டு பேரு மக்களும் போன கப்பல். அவ மவன் செல்வதாஸும் எம்மவன் மரியானும் ஒண்ணாத்தானே கொச்சியில ஏறுனானுவ. வருஷம் ஒண்ணு ஆச்சு. ஒரு சேதியும் இல்ல."

நேசையன் திகைத்துப் போனார்.

சேதி இல்லையா? போன மாசம் செல்வதாஸிடமிருந்து வந்த கடிதத்தை ராஜபாய்க்கு வாசித்துச் சொன்னதே அவர்தானே! காய்ச்சல் வந்து ரங்கூனில் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். அரிசி மில்லில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அவரும் ராஜபாயும் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னார்களே!

"ஏன் ராஜபாய், உம்மவன்தான்..."

"அய்யா!" ராஜபாய் பதறி எழுந்தாள். "ஒரு வார்த்தை. வெளிய வாருங்க."

தென்னை மரத்தடியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவளுக்கு அது தெரியாது அய்யா."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லத்தான் வந்தேன். மரியான் அந்தக் கப்பல்லயே போயிட்டான், பொறவு கப்பலப் பத்தி ஒரு விவரமும் இல்லன்னு நீங்கதானே வாசிச்சிய? எம்மவன் பொழச்சுக்கிட்டான், உம்மவனக் காணல்லன்னு அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? வாய் வரல்ல. சீட்டுப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு? வாரா வாரம் வரணுமா?"

"சீட்டுப் பாக்கவ தனக்கு எடுக்கக் கூடாதாம் அய்யா. அந்தத் துரைசானி வச்ச சட்டம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுவா, தன் பிள்ளைக்குன்னு ஒரு சீட்டத் தொடமாட்டா. நான் எனக்குன்னு கேட்டாத்தான் அந்தக் கப்பலப் பத்தி அவளும் ஒரு நல்ல வாக்கு கேக்க முடியும். நான் வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் அவ வயிறாரக் கஞ்சி குடிக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரை எடுக்கணும்னா எடுத்துருங்க அய்யா. அவகிட்ட மட்டும் சொல்லிராதிய."

முப்பது வருஷமாக எதற்கும் வசனம் வைத்திருந்த உபதேசியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இசபெல் வீட்டுக்குள்ளேயே திரும்பி நடந்தார். ராஜபாய் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினாள்.

உள்ளே இசபெல் சீட்டைத் திருப்பியிருந்தாள்.

"இன்னைக்குப் பலன் வேண்டாம் ராஜபாய். எந்திச்சுப் போ."

"என்ன விழுந்திருக்கு?"

"கப்பல். பக்கத்துல மலை." இசபெல் இரண்டு சீட்டையும் காட்டினாள். "மலைன்னா தடை. போற வழிய மறிச்சு நிக்கும். கப்பலுக்கு முன்னால மலை விழுந்தா..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போன நாலு வாரமும் நல்ல சீட்டாகவே விழுந்திருந்தது.

நேசையன் குடையைச் சுவரில் சாய்த்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு சீட்டையும் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மலைன்னா தடையா? யாரு சொன்னா?"

"துரைசானிதான் அய்யா."

"துரைசானி கட்டுமரம் ஏறியிருக்காளா?" என்றார் உபதேசியார். "கடல்ல இருந்து வீட்டுக்குத் திரும்புதவன் கண்ணுக்கு முதல்ல தெரியுதது எது, இசபெல்? மலைதானே?"