ஒன்றாம் எண் தட்டு

"உன் தட்டு எதுன்னு உன் மூஞ்சிகூடச் சொல்லக் கூடாது தங்கச்சி. சிரிச்சிடாத" என்று பக்கத்தில் நின்ற கலைமதியிடம் முணுமுணுத்தார் சக போட்டியாளர் பெரியதம்பி.

எந்த அறிவிப்பிலும் எழுதப்படாத விதி அது. விழுப்புரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மூலிகை உணவுப் போட்டியில் தட்டுகளுக்கு எண் மட்டுமே உண்டு, பெயர் கிடையாது. நடுவர் ருசிக்கும் நேரத்தில் செய்தவர்கள் சுவரோடு சுவராக நிற்பார்கள். தன் பண்டத்தை நடுவர் துப்பினாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கலைமதி தலையாட்டினாள். வென்றவருக்கு ஊரின் புதிய அங்காடியில் ஓர் ஆண்டு முழுவதும் பண்டங்களை விற்க ஓர் அலமாரி. பிரம்மதேசத்தில் சமையலறை மூலையில் தொடங்கிய அவளுடைய பிஸ்கட் தொழில் பிழைக்க வேறு வழியில்லை.

கேப்பை மாவு, சீரகம், உப்பு, அதோடு சிறுகுறிஞ்சான் இலைப் பொடி. இலை அசல் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. திண்டிவனத்து நாட்டுமருந்துக் கடைக்காரர் அவளை மென்று பார்க்கச் சொல்லித்தான் விற்றார். ஐயமெல்லாம் அளவில். கூடினால் கசக்கும், குறைந்தால் மூலிகை என்ற பெயர்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு, சூட்டில் வெந்த பிறகு இலையின் குணம் நிற்குமா என்பதும் தெரியவில்லை. கணவன் சவுரிராயனிடம் கேட்டுப் பயனில்லை. சர்க்கரை நோயால் இனிப்பையே மறந்த அவன், கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்த எதற்கும் 'நல்லாத்தான் கீது' என்ற ஒரே தீர்ப்பை வழங்கி வருபவன்.

நடுவர் பிரபாவதி பொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். லேபிளில் மூலிகையும் உள்ளே மைதாவுமாக வரும் பண்டங்களைக் கண்டே சலித்துப்போனவர். ஒன்றாம் எண் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நிதானமாக மென்றார், தலையசைத்தார். அது கலைமதியின் தட்டு. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். திருவெண்ணெய்நல்லூரில் தன் கரும்பை ஆட்டிக் காய்ச்சிய வெல்லத்தில் சுக்கும் திப்பிலியும் சேர்த்துப் பெரியதம்பி செய்த பர்பி அது.

"வெல்ல பர்பின்னு வச்சிருக்காங்க. வெல்லம் எங்க?" என்றார் நடுவர்.

பெரியதம்பி தோள்துண்டைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் தட்டில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் முருங்கையிலையும் வெல்லப்பாகில் சேர்ந்த உருண்டை. மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறதென்றார். நான்காவதாக வந்த தேன் நெல்லிக்காயில் தேனுக்குப் பதில் தண்ணீரை ஊற்றிவிட்டார்களா என்று கேட்டார். சுவரோரம் நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

"ஒரு குண்டான் வெல்லம் கொட்டினேனே தங்கச்சி" என்று பெரியதம்பி சுவரைப் பார்த்து அடிக்குரலில் புலம்பினார்.

கடைசித் தட்டையும் தள்ளிவிட்டு நடுவர் பேனாவை மூடினார். "ஒண்ணாம் நம்பர் மட்டும் இருக்கட்டும். வெல்லத்துலயே ஏமாத்தறவங்க மூலிகைய மட்டும் அளந்தா போட்டிருப்பாங்க?"

அலமாரி கலைமதிக்குத்தான். இன்னும் சற்று நேரம் சுவராக நின்றால் போதும்.

அப்போது நடுவருக்குத் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தவர், கொண்டுவந்தவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"சக்கரை போட மாட்டீங்களா?"

"மூணு ஸ்பூன் போட்டுக்கினு வந்தேன் மேடம்."

நடுவர் நம்பாமல் இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடித்தார். வேப்பெண்ணெய் குடித்தவர்போல் முகம் சுளித்தார்.

கலைமதிக்கு முதலில் வியர்த்தது. அடுத்து, அடக்க அடக்க மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேண்டாம் வேண்டாம் என்று பெரியதம்பி கண்ணால் கெஞ்சினார். அவள் சுவரைவிட்டு முன்னே வந்தாள்.

"அந்த அண்ணன் மேல தப்பில்லீங்க மேடம், இங்க யார் மேலயும் தப்பில்ல. ஒண்ணாம் நம்பர் தட்டு என்னுது. அதுல கீற சிறுகுறிஞ்சான் நாக்குல பட்டா, கொஞ்ச நேரத்துக்கு எந்த இனிப்பும் தெரியாதுங்க. வாய் தெளிஞ்சதும் எல்லாருதையும் மறுபடி தின்னு பாருங்க, என்னுத கடைசியா வச்சிக்கினு."

சொல்லி முடித்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இலை அளவு சரியாத்தான் போட்டுக்கீறேன் போலருக்குதுங்க."