ரத்தம் தொடாத சாமியார்

ஊரார் ரத்தத்தைக் குடித்து வாழ்வதும் ஒரு பிழைப்பா என்று பவளம் என்ற பெண் கொசுவுக்கு ஒருநாள் வெட்கமாகிவிட்டது. ஆனால் குரு இல்லாமல் திருந்தினால் யார் மதிப்பார்கள்?

செம்பருத்திப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்தார் ஆண் கொசுச் சாமியார். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தொட்டதில்லை; அப்பேர்ப்பட்ட வைராக்கியம். போய்க் காலில் விழுந்தாள்.

"எல்லாம் மன அடக்கம்தான் தாயே. என்னைப் பார்த்துக் கத்துக்கோ."

மூன்று நாள் பட்டினி கிடந்தாள். நாலாம் நாள் மத்தியானம், சட்டையில்லாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முதுகைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தாள்.

"சாமி, வாயில இருக்கற ஊசி துடிக்குது! நீங்க உங்க ஊசியை எப்படித்தான் அடக்குறீங்க?"

சாமியார் தன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எந்த ஊசி?"