வக்கீலம்மா குடிக்காத தேத்தண்ணி

சந்திரமதி வக்கீலுக்கு ஈவிரக்கமே கிடையாது. அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் தெருவே அப்படித்தான் சொல்லும்.

பின்னே? சுனாமியில் கச்சால் தீவில் புருஷனையும் வீட்டையும் பறிகொடுத்து வந்தவள் சொர்ணம்மா. வக்கீலின் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டாள். வருஷா வருஷம் டிசம்பரில் வக்கீல் தன் ஜூனியர் ஷாஹினாவோடு ஆட்டோவில் வந்து இறங்குவாள்.

"யாரைக் கேட்டு இங்க இருக்கே? நான் இருக்கச் சொன்னேனா?"

பக்கத்து வீட்டுக்காரன் என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு கத்துவாள். சொர்ணம்மா இஞ்சித் தேத்தண்ணி நீட்டுவாள். வக்கீல் தொடமாட்டாள். ஆட்டோ கிளம்பிவிடும்.

அதற்காக ஆளைக் குறைத்துச் சொல்ல முடியாது. போர்ட் பிளேர் கோர்ட்டில் நில வழக்கு நடத்த வந்த முதல் பொம்பளை. 'நிலக் கேஸ் இவளுக்கு எதுக்கு?' என்று சிரித்தவர்களை ஒவ்வொருத்தராக உட்காரவைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி எல்லைக்கல் தேடுவாள். பெங்காலியும் தெலுங்கனும் 'வக்கீல் தீதி' என்று அக்கா முறை சொல்லிப் பின்னால் ஓடுவார்கள். அதெல்லாம் ஒரு காலம்.

போன மாதம் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த கையோடு அவளுக்கு வாரிசான அண்ணன் மகன் தேவேந்திரன் வந்தான், ஷாஹினாவையும் கூட்டிக்கொண்டு.

"ஏம்மா, எங்க அத்தை உன்னை இருக்கச் சொன்னாங்களா?"

"இல்லீங்க ஐயா." சொர்ணம்மா அழுதாள். "ஒரு நாளும் சொல்லல. ஏசிட்டுத்தான் போவாங்க."

என் பக்கம் திரும்பினான். "பெரியவரே, நீங்க சொல்லுங்க."

"வருஷா வருஷம் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றேன்.

"கேட்டீங்களா மேடம்? இன்னிக்கே காலி பண்ண வச்சிடலாம்."

"வண்டியை எடுங்க சார்" என்றாள் ஷாஹினா. "எங்க மேடம் 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளியேத்தலாம். அனுமதி இல்லாம, ஊரறிய, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல இருந்துட்டாங்க. இனி சட்டப்படி மனை இவங்களுக்குத்தான்."

"அத்தைக்கு இது தெரியாதா?"

"தெரியாமயா சாட்சி வச்சுத் திட்டினாங்க? இவங்க பேருக்கு உயில் எழுதினா நீங்க கோர்ட்டுக்குப் போவீங்கன்னும் தெரியும்."

அவன் விறுவிறுவென்று காருக்குப் போனான்.

சொர்ணம்மாவுக்கு வேறு கவலை. "அதுக்காக ஒரு வாய் தேத்தண்ணிகூடவா குடிக்கக் கூடாது?"

"குடிச்சா உறவாயிடும். உறவுன்னா அனுமதின்னு கோர்ட்ல பேசுவாங்க" என்றாள் ஷாஹினா. "திரும்பிப் போறப்ப மேடம் வழியெல்லாம் அந்த இஞ்சி வாசத்தைப் பத்தித்தான் பேசுவாங்க."