வரைபடத்தில் ஒரு முள்செடி

"ஏம்மா, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நாட்டோட வரைபடத்துல போய் யாராவது முள்ளை நடுவாங்களா?"

பூங்காக் கண்காணிப்பாளருக்கு மூக்கின் மேல் கோபம். பூங்காவின் நடுவில் நாட்டின் வரைபடத்தையே பெரிய பூப்பாத்தியாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்தின் இடத்திலும் அந்த மாவட்டமே அனுப்பிய செடி. மறுநாள் காலை அமைச்சர் வந்து திறக்கப்போகிறார்.

"நானா நடலை சார். அந்த மாவட்டத்துக்காரங்க அனுப்பினதே இதுதான்," என்றாள் தோட்டக்காரி.

"அனுப்பினா? பிடுங்கிட்டு ரோஜாவை வை. மானம் போகுது!"

அவள் குனிந்து பிடித்தாள். முள் கையுறையைக் கிழித்துக்கொண்டு குத்தியது. "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

"நகரு. இதுகூடத் தெரியல."

அவர் வெறுங்கையைத் தண்டுக்கு அடியில் விட்டு ஒரு திருகு திருகினார். செடி வேர்மண்ணோடு வந்துவிட்டது. கையில் ஒரு கீறல் இல்லை.

தோட்டக்காரிக்கு ஆச்சரியம். பிறந்து வளர்ந்ததெல்லாம் நகரம், மண்ணையே தொட்டதில்லை என்று பெருமையடிக்கிற மனுஷன் அவர்.

"தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க சார். செடியோட வந்துச்சு." ஒரு கடிதத்தை நீட்டினாள்.

'எங்களிடம் பூச்செடி எதுவும் இல்லை. மூன்று வருடம் மழை பொய்த்தபோது எங்கள் ஆடுகளைக் காப்பாற்றியது இதுதான். ஆடுகள் எங்களைக் காப்பாற்றின. பெருமையாக அனுப்ப இதைவிட வேறில்லை.'

படித்தார். மறுபடியும் படித்தார். செடியும் கையுமாக விறுவிறுவென்று போய்விட்டார்.

குப்பைமேட்டுக்குத்தான் என்று நினைத்தாள். அந்த இடத்தில் ரோஜாவை நட அவளுக்குக் கை வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று குழியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் முள்செடி பழைய இடத்திலேயே நின்றது. யாரோ தண்ணீர்கூட ஊற்றியிருந்தார்கள்.

அமைச்சர் பூக்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"இதென்னய்யா முள்ளு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தோட்டக்காரி வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க ஊருச் செடிங்க ஐயா. இதைத் தின்ன ஆட்டோட பாலைக் குடிச்சுதான் நான் வளர்ந்தேன்."